மாட்டுங்கா மெஸ்ஸில் ஒரு ரசச் சோதனை

யுத்தம் முடிந்த புதிதில் மாட்டுங்கா மெஸ்ஸில் எங்களோடு சாப்பிட்டவர் ஒரு மனோதத்துவப் புரொபசர். நீளக் கழுத்து; மே மாதப் புழுக்கத்திலும் அதைச் சுற்றி ஒரு மஃப்ளர். யார் எதைச் சொன்னாலும், "மறுபடியும் பண்ணிப் பார்த்தேளா?" என்று கேட்பார். கல்யாணம் ஆயிற்று என்று சொன்னவரிடமும் அதையே கேட்டார்.

ஒருநாள் என்னிடம், "புது சமையல்காரர் வந்திருக்கார்னு சொன்னாப் போதும், அதே பழைய ரசத்தை எல்லாரும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக்கறா. நான் பார்த்தேன். நீங்களும் பண்ணிப் பாருங்கோ, கண்டிப்பா பலிக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தியில் அந்தப் பொய்யை அவிழ்த்துவிட்டேன். ரசம் பறந்தது. கை அலம்பியதும் அவரிடம் ஓடினேன்.

"பலிச்சுடுத்து சார்!"

கூடவே வந்த என் அறைத்தோழன் சிரித்தான். "என்னத்தைப் பலிச்சுது? நானும் அதே பந்தியிலதானே உட்கார்ந்திருந்தேன்? ரசத்தை ஒருத்தரும் சீந்தலை."

கைகலப்பு வராததுதான் குறை. புரொபசர் மஃப்ளரை நிதானமாகச் சரிசெய்துகொண்டார்.

"சண்டை வேண்டாம். உங்ககிட்ட பலிக்கும்னேன்; உங்க சிநேகிதர்கிட்ட, 'இது பலிக்காது, சும்மா கவனிங்கோ'ன்னு சொல்லிவெச்சிருந்தேன். எனக்கு ரசம் முக்கியமில்லை. பார்க்கறவாளைத்தான் பார்த்துண்டிருந்தேன்."

"அப்போ நிஜமா யார்தான் சார் ரெண்டாந்தரம் வாங்கிண்டா?"

"அதை நான் கவனிக்கலையே! மறுபடியும் பண்ணிப் பார்த்துடலாமா?"

அன்றைய ரசம் நன்றாக இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பொய்யைச் சொன்ன நானே மூன்று தரம் வாங்கிக் குடித்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.