புல்லுக்காட்டில் என் பாதி

கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக ஒன்று இல்லவே இல்லை என்று என்னிடம் யாரும் சாதிக்க வேண்டாம். எருத்தேன்பதியில் எங்கள் தோட்டத்தில் மாடுகளுக்குத் தீவனப்புல் வளர்க்கும் நிலத்தைப் புல்லுக்காடு என்போம். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அதில் யூரியா வீசியவள் நான்தான். புல் அறுத்த மறுநாள் தண்ணீர் கட்டி, மண் சொதசொதவென்று இருக்கும்போதே வீச வேண்டும். சில நாளில் காடு கரும்பச்சையாகிவிடும். அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் அந்த வீட்டுப் பெண் சுறுசுறுப்பானவளா, சோம்பேறியா என்று எங்கள் ஊர் முடிவு செய்யும். நான் சுறுசுறுப்பானவள் என்று பேர் வாங்கியிருந்தேன்.

அந்தப் பேரைக் கெடுத்தது கல்லூரியில் படிக்கும் ஒரு மலையாளப் பெண். ஆராய்ச்சிக்காக எங்கள் காட்டில் அடியில்லாத ஒரு பெட்டியை மண்ணில் பதித்து, மூடி, மூடியிலிருந்த ஓட்டை வழியாக ஊசி போடும் சிரிஞ்சால் காற்றை இழுத்துக்கொண்டு போவாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். புல் குடித்தது போக மிஞ்சும் யூரியாவை ஈரமண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் வாயுவாக்கி மேலே விடுகின்றன, அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும் என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வெயில் ஏறினால் முதலில் நாக்குத் தள்ளுவது எங்கள் மாடுகள். அந்த வெயிலுக்கு இத்தனை வருடம் என் கையாலேயே அள்ளிப் போட்டிருக்கிறேனா?

அன்றைக்கே மச்சாண்டாரிடம் சொன்னேன், இனி பாதி யூரியா போதும் என்று. அவர் என் கணவரின் அண்ணன். தோட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். என் கணவர் அண்ணன் முன்னால் வாயைத் திறக்க மாட்டார். அதனால் நான் திறந்தேன்.

"ஏனம்மிணி, கண்ணுக்குத் தெரியாத காத்துக்குப் பயந்து புல்லக் காயப் போட்டா, மாடு காத்தயா திங்கும்?" என்றார் மச்சாண்டார்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். காட்டை வரப்பு போட்டு இரண்டாகப் பிரிப்பது. கீழ்ப்பாதி என் இஷ்டம், மேல்பாதி அவர் இஷ்டம். சித்திரை முடிவதற்குள் தீவனம் பற்றாமல் வெளியிலிருந்து ஒரு வண்டி வைக்கோல் இறங்கினாலும் என் பாதி அவருக்குத் திரும்பிவிடும். செவலைப் பசுவும் விற்பனைக்குப் போகும். செவலை கன்றாக இருந்தபோது நான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது. வேண்டுமென்றேதான் அதன் பேரை எடுத்தார். சரி என்றேன்.

என் பாதியில் யூரியாவைப் பாதியாகக் குறைத்து, அதையும் ஈரம் வடிந்த பிறகு போட்டேன். அடுத்த முறை பெட்டி வைத்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள், இரண்டு பாதியிலும் வாயு ஏறக்குறைய ஒன்றுதான் என்று. மச்சாண்டார் பால் சங்கத்தில் போய்ச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அவமானத்தில் முகமெல்லாம் எரிந்தது. அந்தப் பெண்ணின் பெட்டியே பொய் என்றுகூடத் திட்டினேன்.

பொய் பெட்டியில் இல்லை. மறுநாள் காலை மாட்டுச்சாளையைக் கழுவிவிட்டபோது பார்த்தேன். சாணியும் மூத்திரமும் கலந்த தண்ணீர் எப்போதும் போல வாய்க்காலில் ஓடி, பள்ளத்தில் இருக்கும் என் பாதியில் போய்த் தேங்கியது. தினமும் நானே கழுவி, நானே தள்ளிவிடும் தண்ணீர். மாட்டு மூத்திரத்தில் இருப்பதும் அதே யூரியாச் சத்துதான். எங்களுக்கு உரம் என்றால் மூட்டையில் வருவது. கழுவுத் தண்ணீர் எங்கேயாவது போய்த் தொலைய வேண்டிய அழுக்கு. ஒரு கையால் குறைத்ததை மறு கையால் கொட்டியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான வீம்பு வந்தது. என் பாதிக்கு யூரியாவை அடியோடு நிறுத்தினேன். கழுவுத் தண்ணீரை ஒரே இடத்தில் தேங்க விடாமல், ஒரு நாளைக்கு ஒரு பாத்தி என்று காய்ந்த மண்ணாகப் பார்த்து மாற்றி மாற்றித் திருப்பினேன். புல் வரிசைகளுக்கு நடுவே வேலிமசால் விதைத்தேன். அது பயறு வகைத் தீவனம், தனக்கு வேண்டிய சத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். முதல் அறுப்பில் என் புல் வெளிறிப்போய், அவர் புல்லைவிட ஒரு சாண் குட்டையாக நின்றது. வழியில் போகிறவர்களெல்லாம் நின்று, உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, புல்லும் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் நடையைக் கட்டுங்கள் என்றேன்.

இந்த முறை பெட்டி வைத்த பெண் தயங்கவில்லை. என் பாதியில் வாயு நன்றாகக் குறைந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் பால் சங்கத்துக்கெல்லாம் போகவில்லை. சாளைக்குள் போய்ச் செவலையிடம் சொன்னேன்.

பங்குனியில் கிணற்றில் தண்ணீர் இறங்கியது. என் புல்லும் இளைத்தது, அவர் புல்லும் இளைத்தது. வேலிமசால் மட்டும் வெட்ட வெட்டத் துளிர்த்தது. அதை நறுக்கிப் புல்லோடு கலந்து எல்லா மாட்டுக்கும் நானே போட்டேன். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வைக்கோல் வண்டியோ என்று ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். சித்திரை முடிந்தது. ஒரு வண்டிகூட இறங்கவில்லை.

மச்சாண்டார் அதற்குப் பிறகு செவலையின் பேரை எடுக்கவில்லை. கோடை மழைக்குப் பிறகு அவர் பாதியில் புல் அறுத்து, தண்ணீரும் கட்டியாயிற்று. மண்ணில் ஈரம் காய்ந்த அன்று சாளைக்குப் போனேன். வாங்கி வைத்த யூரியா மூட்டை தையல் பிரிக்காமல் கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் மூட்டையைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"உனக்காவ ஒண்ணும் போடாம உடல அம்மிணி. மறந்துட்டேன்."

"அப்படியே மறந்திருங்க மாமா," என்று சொல்லிவிட்டு, கழுவுத் தண்ணீர் வாய்க்காலை முதல்முறையாக அவர் பாதிக்குத் திருப்பிவிட்டேன்.