நாலணா வைத்த படங்கள்

தில்லையம்மாளை நான் நேரில் பார்த்துப் பேசியது மொத்தம் இருபது நாள் இருக்கும். மற்றதெல்லாம் தொலைபேசியில்தான். ஆனாலும் 2011 மார்ச் மாதம் முழுக்க, அவருடைய வேலை இருக்குமா போகுமா என்பது நான் எழுதிய ஒரு நிரலைப் பொறுத்திருந்தது.

அவர் பிறந்தது சேத்தியாத்தோப்பு. விலங்கியலில் பி.எஸ்சி. கணவர் சடையப்பன் பண்ருட்டியிலிருந்து முந்திரி லோடு அடிப்பவர். வீட்டில் இருக்கிற நாளை விரல்விட்டு எண்ணலாம். மகள் சத்யப்பிரியா பிளஸ் டூ. 2004இல் கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு சிறிய கடல் ஆய்வு மையத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தார். சிதம்பரத்திலிருந்து தினமும் காலை ஏழு மணி பஸ். படகு இறங்கும் இடத்துக்குப் போவார். மீன்காரப் பெண்களிடம் வாயாடி நண்டும் இறாலும் வாங்கி வருவார். அவற்றைத் தட்டில் வைத்துப் படம் எடுத்து, மையத்தின் இணையதளத்தில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் இடுவார். என்ன இனம், ஆணா பெண்ணா, குஞ்சா வளர்ந்ததா. ஏழு வருடத்தில் ஒன்பதாயிரம் படங்கள்.

அந்தக் குறிச்சொற்களைத் தானாகவே போடும் பிளகின் என்ற துணை நிரல் ஒன்றை எழுதித் தரும்படி மையத்தின் இயக்குநர் தட்சிணாமூர்த்தி என்னைக் கேட்டார். எனக்குச் சொந்த ஊர் சிதம்பரம், வேலை பெல்ஜியத்தில். ஊருக்கு ஏதாவது செய்யாவிட்டால் ஊர் நம்மை மறந்துவிடும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. உடனே ஒப்புக்கொண்டேன். டிசம்பர் விடுமுறையில் மையத்துக்குப் போனபோதுதான் இந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே ஓர் ஆள் இருப்பது தெரிந்தது.

“வாங்க தம்பி. என் சீட்டுக்கு வந்த புது ஆளு நீங்கதானா?” என்றார் தில்லையம்மாள்.

“நான் இல்லக்கா, மெசினு.”

“அதுக்குக் காலையில ஏழு மணி பஸ்ஸுல நிக்க எடம் வேணுமா?”

சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இயக்குநர் வைத்த சோதனை எளிமையானது. தில்லையம்மாள் குறித்த ஐந்நூறு படங்களை, குறிச்சொல்லை மறைத்துவிட்டு, பிளகினுக்குக் கொடுக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போனால் பிளகின் போதும். மார்ச் முப்பத்தொன்றோடு தில்லையம்மாளின் ஒப்பந்தம் முடியும். ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு வருடம்.

மார்ச் முதல் வாரம் சோதனையை ஓட்டினேன். எழுபத்துநாலுதான் வந்தது. மனதின் ஒரு மூலையில் நிம்மதி. ஆனால் தோற்றுப்போன நிரலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவும் என்னால் முடியவில்லை. வேறுபட்ட நூற்று முப்பது படங்களில் பெரும்பாலானவை சின்ன நண்டுகள். அவர் குஞ்சு என்று குறித்ததைப் பிளகின் வளர்ந்தது என்றது. அளவுக்கணக்கில் இயந்திரம் தவறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிக்கையில், மனிதக் கண்ணின் சோர்வால் பழைய குறிச்சொற்களில் பிழை இருக்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். ஆங்கிலத்தில் அது யார் மேலும் படாத வரியாக இருந்தது. தமிழில் எழுதியிருந்தால், தில்லையம்மாள் தப்பாகக் குறித்தார் என்று எழுத வேண்டியிருந்திருக்கும். எனக்குக் கை வந்திருக்காது.

இயக்குநர் அதைத் தில்லையம்மாளிடம் படித்துக்காட்டியிருக்கிறார். “யாரு மேல தப்புன்னு தெரியலம்மா. இன்னும் ஒரு வருசம் ரெண்டும் இருக்கட்டும், ஒண்ணை ஒண்ணு சரிபார்க்கட்டும்” என்றாராம். ஆக, வேலை தப்பித்தது. கூடவே சந்தேகமும் தங்கிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை தில்லையம்மாளிடமிருந்து அழைப்பு வந்தது.

“தம்பி, நண்டோட அளவ உங்க மெசினு எப்படிப் புடிக்குது?”

“பக்கத்துல நீங்க வைக்கிற ஒரு ரூபாக் காசை வச்சுதான்க்கா. அது இருபத்தஞ்சு மில்லிமீட்டர். அதை வச்சு நண்டை அளக்குது.”

“எல்லாப் படத்துலயும் ஒரு ரூபாவா?”

“ஆமா, வட்டமா...”

“என்னா தம்பி நீ! சின்ன நண்டுக்குச் சின்னத் தட்டு. அதுல ரூபாக் காச வச்சா கொடுக்கு மறைஞ்சிடும்னு நாலணா வச்சிருக்கேன். காண்டாமிருகம் போட்டது. பெல்ஜியம் போனதும் நாலணா மறந்துபோச்சா?”

படத்தைத் திறந்தேன். நாலணாதான். பத்தொன்பது மில்லிமீட்டர். என் நிரல் அதை ரூபாயாக எடுத்துக்கொண்டதில், ஆறரை சென்டிமீட்டர் நண்டு எட்டரையாகி, குஞ்சுக்கு வைத்த எட்டு சென்டிமீட்டர் எல்லையைத் தாண்டியிருந்தது. சோதிக்கும்போது வட்டம் சரியாக விழுகிறதா என்று மட்டும் பார்த்தேன். அந்த வட்டம் என்ன காசு என்று பார்க்கவே இல்லை.

“அக்கா, இதைத் திருத்தினா பிளகின் பாஸாயிடும்.”

“தெரியும்.”

“உங்க வேல...”

“நீ திருத்து. அறிக்கையையும் மாத்தி எழுது. அந்தச் சோர்வு வரிய எடுத்துட்டு, தப்பு யாருதுன்னு பேரு போட்டு எழுது.”

திருத்தினேன். ஐந்நூற்றில் நானூற்று அறுபத்தாறு ஒத்துப்போயின. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. பிழை என்னுடையது, அவருடைய குறிகள் சரி என்று என் பெயரோடு எழுதி அனுப்பினேன். ஒப்பந்தத்தை நீட்டும்படி இயக்குநரிடம் கெஞ்சியும் பார்த்தேன். “நீதானேப்பா எழுதிக் குடுத்த?” என்று கேட்டார். மார்ச் முப்பத்தொன்றோடு தில்லையம்மாளின் ஒப்பந்தம் முடிந்தது.

அந்த டிசம்பரில் சிதம்பரம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். இறால் குஞ்சுப் பண்ணை ஒன்றில் நுண்ணோக்கி பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் குறைவுதான். சேரும்போது என் அறிக்கையைக் காட்டினாராம்.

“அதப் படிச்சாங்களாக்கா?”

“முதல் பக்கம் மட்டும். அதுலதான என் பேரு இருக்கு.”

“எம்மேல கோவமா?”

“இல்லாம இருக்குமா? மூணு மாசம் வீட்டுல சும்மா உட்கார்ந்தேனே. நாலணா வெசயம் எனக்கு வியாழக்கிழமையே தெரியும் தம்பி. நாலு நாள் வாயத் தொறக்கல. ஒரு வருசம் ஓட்டிடலாம்னு பார்த்தேன். ஆனா டைரக்டர் ஐயா வந்து என் தோளுக்குப் பின்னால நின்னு, நான் போடுற ஒவ்வொரு குறியையும் ஜாஸ்தி நேரம் பார்த்தாரு. ஏழு வருசத்துல அவுங்க அப்படி நின்னதில்ல. அதுதான் என்னால ஆவல.”

பரங்கிப்பேட்டை பஸ் வந்தது. படியில் ஏறியவர் திரும்பினார்.

“ஒத்துப்போகாம மிச்சம் இருந்துதே முப்பத்துநாலு, அதையும் உட்கார்ந்து பார்த்தேன். இருபத்தொம்போதுல நான் சரி. அஞ்சுல உன் மெசினு சரி.”

பெல்ஜியம் திரும்பியதும் இணையதளத்தின் மாற்றப் பதிவைத் திறந்து பார்த்தேன். மார்ச் 31, மாலை நான்கே முக்கால். தில்லையம்மாள் தன் குறிச்சொற்களில் ஐந்தைத் திருத்தியிருந்தார்.