வெட்டியெடுத்த மூச்சு

வெளியிடுவதற்கு முன் கடைசி வேலை, குரலைத் துடைப்பது. இருமல், நாற்காலியின் கிரீச், கீழே சீறிப் போகும் மோட்டார் சைக்கிள், வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே இழுக்கிற மூச்சு, எல்லாவற்றையும் வெட்டிவிடுவேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான இலவச அறிவியல் பாடங்கள். இணையத்திலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம், மாற்றலாம், பரப்பலாம். யாரையும் கேட்க வேண்டாம்.

பாடங்களைக் குரலில் படித்துக் கொடுத்த ஆசிரியை, கடைசிப் பாடத்தை முடித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பவில்லை. நுரையீரலில் புற்று. வெளியிட வாயால் சரி என்றவர், கையெழுத்துப் போடவில்லை. இனி கணவர் சொல்ல வேண்டும்.

பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் அவர்கள் வீடு. கணவர், பாலத்துக்கு அப்பால் பத்து காவானில் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். மடிக்கணினியில் நீர் ஆவியாகிற பாடத்தை ஓடவிட்டேன்.

"இது யாரு தம்பி?"

"அக்காதாண்ணே."

"மூச்சே விடலையே அவ." சிரித்தார். "என்னைத் திட்டுறப்பதான் இப்படிப் பேசுவா."

சிரிப்பு பாதியில் நின்றது. வெட்டாததைப் போடச் சொன்னார். போட்டேன். கொடியில் துணி காய்கிறது; மூச்சு. குட்டை வற்றுகிறது, மூச்சு, நீளமாக, கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல. அவர் மேலே சுழன்ற காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னால வேணாம்னு தோணுச்சுன்னா?"

"திரும்ப வாங்க முடியாதுண்ணே. வெளிய போனா போனதுதான்."

மடிக்கணினியை மூடினார். பிறகு, "பாடத்த எடுத்துக்குங்க. பிள்ளைங்களுக்குன்னுதான் படிச்சா. வெட்டினீங்கள்ல, அதெல்லாம் எனக்குக் குடுத்துருங்க. ஊருக்குப் போட்டுறாதீங்க லா."

வெட்டிய துண்டுகளைப் பாட வரிசையில் ஒட்டினேன். ஆரம்பத்தில் கிள்ளு கிள்ளாக இருந்த மூச்சு போகப் போக இழுத்தது, சரசரத்தது, கடைசிப் பாடத்தில் வாக்கியத்தைவிட நீண்டது. ஒவ்வொன்றாக வெட்டியபோது தெரியாத நோய், ஒட்டியபோது முழுசாக எழுந்து உட்கார்ந்தது. அதை அவரிடம் கொடுத்துவிட்டு, பாடங்களை வெளியிட்டேன். களைப்பே அறியாத ஒரு பெண் அவற்றில் பேசிக்கொண்டே போகிறார்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அழைத்தார். வேலை முடிந்து பாலத்து நெரிசலில், கெரேத்தாவில், தன் காரில் இருந்தார்.

"தம்பி, எவனோ அவ குரல வேகமா ஓடவிட்டு, டங்கு டங்குன்னு மியூசிக் போட்டு வச்சிருக்கான். எலிக்குஞ்சு மாதிரி கத்துறா. அப்படிச் செய்ய அவனுக்கு உரிமை இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

"எடுக்கச் சொல்ல முடியாது?"

"முடியாதுண்ணே."

ம் என்றார். போனை வைக்கவில்லை. பின்னால் ஹாரன்கள். அவற்றுக்கு அடியில், கெரேத்தாவுக்குள்ளே, யாரோ மூச்சை இழுத்தார்கள், விட்டார்கள், மறுபடி இழுத்தார்கள், சரசரவென்று, நீளமாக. முதலில் அவர்தான் என்று நினைத்தேன்.

வண்டிகள் நகர்ந்தன போலிருக்கிறது. நானும் போனை வைக்கவில்லை.