பதின்மூன்று புள்ளி நான்கு, வலமிருந்து இடம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவருடைய போனுக்கு டெம்பர் கிளாஸ் மாற்றியது. பழைய கண்ணாடியின் வலது ஓரத்தில் ஒரு குமிழ் இருந்தது. ஆறு மாதமாகப் போன் விளையாட்டில் அவர் தோற்ற ஆட்டங்களுக்கெல்லாம் அந்தக் குமிழ்தான் காரணம். விரல் அங்கே இடறுகிறதாம். குறிவட்டம் மயிரிழை நகர்ந்துவிடுகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை பகல். ரயிலில் மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தேன். அவர் போனை மேசைமேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் துடைத்து, தூசி எடுத்து, புதுக் கண்ணாடியை இறக்கினேன்.

“மெதுவா. முதல்ல ஒரு ஓரம் தொடட்டும்.”

“தெரியும்ப்பா.”

“தெரிஞ்சவதானே போன தடவை குமிழ் விட்டே.”

இந்த முறை குமிழ் இல்லை. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அப்பாடா. இனிமே தோத்தா யார் மேல பழி போடுவீங்க?”

“உன் மேலதான். நீ பேசிக்கிட்டே இருந்தா எனக்குக் காத்து எப்படிப் புரியும்?”

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டராக இருந்தார். முப்பத்தொரு வருடம். நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கேபின். காலுக்குக் கீழேயும் கண்ணாடி. கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். அவர் வைத்தால் சத்தம் வராது. லாரி டிரைவர்கள் தலையை வெளியே நீட்டி, “வெச்சாச்சா?” என்று கேட்பார்களாம். அதனால் அங்கே அவருக்குப் ‘பூனை’ என்று பெயர்.

“பெட்டியைத்தான் பூனை மாதிரி வெப்பார். வீட்டுல டம்ளரை வெச்சா பக்கத்து வீட்ல கதவைத் திறந்து பாப்பாங்க” என்பது அம்மாவின் திருத்தம்.

ஓய்வு பெற்ற பிறகு நான்கு மாதம் சும்மா இருந்தார். ஐந்தாம் மாதம் அம்மா போன் செய்தாள். “ஏதாவது பண்ணுடி. அலமாரியில நான் பாத்திரம் எடுத்து வெச்சா, பின்னால நின்னுக்கிட்டு கொஞ்சம் இடது, கொஞ்சம் இடதுங்கிறார்.”

அவர் போனில் ஆன்லைன் கோல்ஃப் விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன். கோல்ஃப் மைதானத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் நேரில் பார்த்ததில்லை. காற்று இருக்கிற விளையாட்டு என்பதால் அதைத் தேர்ந்தேன். ஆட்டக்காரர் பெயர் கேட்டபோது ‘பூனை’ என்றே பதிந்துகொண்டார். அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே ஆடினோம்.

விளையாட்டு எளிது. திரையில் ஆடும் ஊசி நடுக்கோட்டுக்கு வரும்போது விரலை எடுத்தால் அடி நேராக விழும். முதல் அடியில் பந்து பாதித் தூரம் போகும். இரண்டாவது அடி அப்ரோச் ஷாட். குழி இருக்கும் புல்திட்டில் பந்தைக் கொண்டுபோய் இறக்குவது. அதில்தான் ஆட்டம் தீர்மானமாகும். திரையின் மேலே ஒரு அம்பும் ஒரு எண்ணும் இருக்கும். அம்பு காற்றின் திசை, எண் அதன் வேகம். பந்து விழ வேண்டிய இடத்தில் ஐந்து வளையங்கள் கொண்ட குறிவட்டம் இருக்கும். காற்று குறுக்கே அடித்தால், வட்டத்தை எதிர்ப்பக்கம் இழுத்துவைத்து அடிக்க வேண்டும். எத்தனை வளைய அகலத்துக்கு இழுப்பது என்பதுதான் கேள்வி; ஐந்தைத் தாண்டியும் போகலாம்.

அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். ஒவ்வொரு மட்டைக்கும் எத்தனை வேகத்துக்கு எத்தனை வளையம் என்று ஒரு அட்டவணை போட்டேன். அச்சடித்து, லேமினேட் செய்து அவருக்கும் அனுப்பினேன்.

“இது எதுக்கு?”

“காத்து கணக்கு.”

“இன்ஜினியரம்மா, நான் காத்துல சம்பாதிச்சுத்தான் உன்னைப் படிக்க வெச்சேன்.”

அட்டவணை குளிர்சாதனப் பெட்டியின் மேல் போனது. அவர் தோற்றுக்கொண்டே இருந்தார்.

சாய்ந்து வரும் காற்றை அவர் என்னைவிட வேகமாகப் பிரித்தார். நான் கோணம் பார்த்துப் பெருக்கி முடிப்பதற்குள், “பாதி தள்ளும், பாதி பின்னால போகும்” என்பார். அது சரியாகவே இருக்கும். கன்டெய்னரின் அகலப் பக்கத்தில் காற்று பட்டால் ஒரு மாதிரி, ஒடுங்கிய பக்கத்தில் பட்டால் ஒரு மாதிரி என்று கை கற்றிருந்தது. ஆனாலும் பந்து புல்திட்டைத் தாண்டிப் போய் விழுந்தது.

அவருடைய நாற்பது அப்ரோச் ஷாட்களைக் குறித்துவைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே பக்கம் தவறியிருந்தன: காற்று போகும் பக்கம். அளவும் ஒன்றுதான். இழுக்க வேண்டியதில் சரியாகப் பாதிதான் இழுத்திருந்தார். கண்டபடி தவறும் கருவியைத் திருத்த முடியாது. ஒரே மாதிரி தவறும் கருவி நல்ல கருவி. ஒரு எண்ணால் பெருக்கினால் போதும்.

“அப்பா, உங்க கை சொல்றதை ரெண்டால பெருக்குங்க.”

“ஏன்? எனக்குப் பாதிக் காத்துதான் தெரியுதா?”

“அது தெரியல. கணக்கு அப்படி வருது.”

“காரணம் தெரியாம பெருக்கறவளுக்கு எவன் சம்பளம் கொடுக்கிறான்?”

காரணம் அடுத்த முறை ஊருக்கு வந்தபோது கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஆடுவதைப் பார்த்தேன். பந்து கிளம்பிய பிறகும் அவர் போனை விடவில்லை. பந்து இடப்பக்கம் விலக, போனை வலப்பக்கம் சாய்த்தார். தோளும் சாய்ந்தது. இடது கைக் கட்டைவிரல் இல்லாத ஒரு நெம்புகோலைத் தள்ளிக்கொண்டிருந்தது. கிரேனில் பெட்டியை ஓரளவு தள்ளிப் பிடித்து இறக்கத் தொடங்கினால் போதும். மீதியை இறக்கும்போதே சரிசெய்துகொள்ளலாம். முப்பத்தொரு வருடத்தில் தரையைத் தொடுவதற்கு முன்னால் அவர் எதையும் கையைவிட்டு விட்டதில்லை.

“அப்பா, பந்து கிளம்பிட்டா அவ்வளவுதான். நீங்க சாய்ஞ்சா அது சாயாது.”

“நடுவுல பிடிக்கவே முடியாதா?”

“முடியாது.”

“என்ன விளையாட்டு இது” என்று போனை வைத்துவிட்டார். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே வந்து கேட்டார். “அப்போ மொத்தத்தையும் முதல்லயே கொடுத்துடணும். அப்படித்தானே?”

அதன் பிறகு முன்னேறினார். பழக்கம் உடனே போகவில்லை. பாதி இழுத்ததும் விரல் தானாக நின்றுவிடும். “இன்னும், இன்னும்” என்று தனக்கே சொல்லிக்கொண்டு மீதியை இழுப்பது ஸ்பீக்கரில் கேட்கும்.

நடுவில் நான் ஒரு தப்பு செய்தேன். அவருடைய பிறந்த நாளன்று விட்டுக்கொடுத்தேன். வென்றவர் என் அடியை மறுபடி ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்.

“காத்து இடமிருந்து வலம். நீயும் வலப்பக்கமே வெச்சிருக்கே. என்ன இது?”

“கவனிக்கலப்பா.”

“நீயா?”

அழைப்பைத் துண்டித்தார். பதினோரு நாள் ஆடவில்லை. அம்மா கூப்பிட்டாள். “என்னடி பண்ணித் தொலைச்சே? ஆறு மணியானா மனுஷன் செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்.” மன்னிப்புக் கேட்டேன். ஒரு நிபந்தனையோடு திரும்பி வந்தார்.

“உன்னை ஒரு தடவை நிஜமா ஜெயிக்கணும். அதுக்குள்ள நீ விட்டுக்கொடுத்தேன்னு தெரிஞ்சா, விளையாட்டையே அழிச்சிடுவேன்.”

பிறந்த நாள் வெற்றியை அவரே கணக்கிலிருந்து நீக்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை வரை இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம். அவர் ஜெயித்தது பூஜ்யம்.

கண்ணாடி மாற்றியதும் அங்கேயே ஆட உட்கார்ந்தோம். அவர் ஜன்னலோர நாற்காலியில். நான் தரையில், சுவரில் சாய்ந்து. அம்மா நடுவில் பீன்ஸ் நறுக்கினாள். எட்டுக் குழிவரை சமம். ஒன்பதாவது கடைசிக் குழி. புல்திட்டுக்கு வலப்பக்கம் குளம். காற்று பதின்மூன்று புள்ளி நான்கு, வலமிருந்து இடம், நேர்க் குறுக்கு.

அப்பா வட்டத்தை இழுத்தார். புல்திட்டின் ஓரம் வந்தது. நிறுத்தினார். மூச்சு விட்டார். மறுபடி இழுத்தார். வட்டம் முழுசாகக் குளத்துக்குள் போய்விட்டது.

அம்மா கத்தியை நிறுத்தினாள். “ஏங்க, தண்ணிக்குள்ள வெக்கிறீங்க!”

“காத்து கொண்டுவந்து கொடுக்கும். நீ பீன்ஸைப் பாரு.”

அடித்தார். அடித்ததும் போனைத் தொடைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடிமேல் வைத்துக்கொண்டார். தோள் அசையவில்லை. பந்து குளத்துக்கு மேலே நேராகப் போனது. பிறகு மெல்ல இடப்பக்கம் திரும்பி, கொடிக்குப் பக்கத்தில் விழுந்து, ஒருமுறை குதித்து நின்றது. குழிக்கு அரை மீட்டர்.

என் முறை. அட்டவணைப்படி ஏழு வளையம். இழுத்தேன். அடிக்கும் ஊசி நடுக்கோட்டைத் தாண்டியபோது விட்டேன். கண் இமைக்கும் நேரம்தான் பிந்தியது. பந்து குழிக்கு ஆறு மீட்டர் தள்ளி நின்றது. உருட்டினேன். விளிம்பைத் தொட்டு வெளியே போனது. அவர் உருட்டினார். உள்ளே விழுந்தது.

“வேணும்னே விட்டியா?”

“இல்லப்பா.”

“அம்மா மேல சத்தியமா?”

“என்னை ஏன் இழுக்கிறீங்க?” என்றாள் அம்மா.

“சத்தியமாப்பா. ஊசி தப்பிடுச்சு.”

என் அடியை மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தார். வளையம் சரி, திசை சரி, ஊசி மட்டும் பிந்தியிருந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் சிரித்தார். சாப்பிடும்போதும் சிரித்தார். அம்மா, “பாவம், பீன்ஸ் அவ்வளவு நல்லா இருக்கா?” என்றாள். நான் இரவு ரயிலைப் பிடித்தேன். பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் வழியாகச் சொன்னார்: “நாளைக்கு ஆறு மணி. ஒரு தடவை ஜெயிச்சா தற்செயல்னு சொல்லுவே.”

திங்களும் செவ்வாயும் ஆடினோம். இரண்டிலும் நான் ஜெயித்தேன். அவருக்கு அது பொருட்டாகவே இல்லை. புதன்கிழமை காலை, வெளியே கிளம்பச் செருப்பு மாட்டும்போது இதயம் நின்றது. அறுபத்தொரு வயது.

எங்கே கிளம்பினார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஒன்பதாவது நாள் அவர் சட்டைகளை மடித்தபோது, பையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் ரசீது இருந்தது. திங்கள் தேதி. புதன் காலை தயாராகும் என்று போட்டிருந்தது. அவருடைய வெற்றித் திரையைப் படமாக எடுத்து அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார். இருப்பதிலேயே பெரிய அளவு. குறிப்பு என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து: “மேலே உள்ள காற்று எண் வெட்டுப்படக் கூடாது. பார்க்கிற ஆளுக்குப் பார்வை குறைவு.”

அந்த ஆள் யார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. துறைமுகத்தில் பத்தொன்பது வருடம் தரையில் நின்று அப்பாவுக்குச் சைகை கொடுத்தவர். வாயில் எப்போதும் விசில். அதனால் விசில் மாமா. கீழே தான் இல்லாவிட்டால் பூனையால் ஒரு தீப்பெட்டியைக்கூட இறக்க முடியாது என்று கடைசிநாள் விருந்தில் எல்லோர் முன்னாலும் சொன்னவர். இப்போது ஊரின் மறுகோடியில் மகன் வீட்டில் இருக்கிறார்.

போன் செய்தேன்.

“மாமா, அப்பா உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்னு இருந்தார்.”

“அவனா? அந்தப் புதன்கிழமை வரேன்னான், எதுக்குன்னு சொல்லல. என்னம்மா அது?”

“நேர்ல கொண்டுவரேன்.”

“சனிக்கிழமை வா. பெருசா இருந்தா சொல்லு, வாசல்ல நிக்கிறேன்.”

இன்று வெள்ளி. படம் இன்னும் ஸ்டுடியோவில்தான் இருக்கிறது.