உதவி மேயர் பொண்டாட்டி

க்ளியோனிசிக்கு வாய் நீளம் என்பது மீனாஸ் மலையிலிருக்கும் எங்கள் ஊர் முழுக்கத் தெரியும். ஏழைகள் குடியிருக்கும் மேட்டுத்தெருவில் பிறந்தவள். சின்ன வயதிலிருந்தே டாக்டர் எவாரிஸ்து வீட்டில் படுக்கை விரிப்புகளைத் துவைத்தவள். கொல்லைப்பக்கமாகவே போய் வந்ததில், அந்த வீட்டு முன்வாசல் எப்படி இருக்கும் என்பதே கல்யாணமாகும்வரை அவளுக்குத் தெரியாது. பன்றிக்கறிக் கடை வைத்திருந்த ஒனோஃப்ரியைக் கட்டிக்கொண்ட பிறகு, கத்தியை அவன் பிடித்தான், கல்லாவை அவள் பிடித்தாள்.

எண்பத்தெட்டாம் வருஷம் டாக்டர் மேயர் தேர்தலில் நின்றார். மேட்டுத்தெரு ஓட்டு வேண்டியிருந்தது, அந்தத் தெருக்காரனான ஒனோஃப்ரியை உதவி மேயராகச் சேர்த்துக்கொண்டார். பிரச்சார லாரியில் ஏற்றினார்களே தவிர மைக்கைக் கொடுக்கவில்லை. "ஸ்டெப்னி" என்று கூப்பிட்டார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்டெப்னிய வண்டிக்கு அடியிலதான்யா மாட்டுவாங்க."

"பஞ்சரானா அதத்தானே தேடணும்?"

ஜெயித்தார்கள். வெற்றி விருந்துக்கு ஒனோஃப்ரி கடையிலிருந்துதான் கறி போனது. அடுத்த வாரம் டாக்டர் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழுந்திருக்கவில்லை. பதவியேற்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

நாட்டுக்கே இப்படி நடந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. தேர்ந்தெடுத்த ஜனாதிபதி பதவியேற்கும் முன்பே செத்தார், உதவி ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்தார். அதனால் சட்டம் என்ன சொல்லும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. ஊர் சொன்னதோ வேறு: நாற்காலிக்கு ஆசைப்பட்டு ஸ்டெப்னி கறியில் எதையோ கலந்துவிட்டான்.

அதே கறியைத் தின்ற மற்றவர்கள் எல்லாரும் திடமாகத்தான் நடமாடினார்கள். நடமாடிக்கொண்டேதான் அதையும் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்குப் பன்றித்தொடை வாங்காத வீடு எங்கள் ஊரில் கிடையாது. அந்த வருஷம் எல்லோரும் கோழி தின்றார்கள்.

"வேணாம்னு எழுதிக் குடுத்துடு" என்றாள் க்ளியோனிசி. "மேயர் வேலை நாலு வருஷம். கடை நாம சாகுறவரைக்கும்."

"தலைநகரத்துல நடந்தா சட்டம், இங்க நடந்தா கொலையா?" என்று கத்தினான். விற்காமல் கொக்கியில் தொங்கிய கறி நாற ஆரம்பித்ததும் கத்துவதை விட்டான். சரி என்றான்.

செய்தி எப்படியோ டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டது. டாக்டரின் மனைவி தோனா ஹொர்தென்சியாவும் அவள் தம்பி அரிஸ்தேவும் வீட்டுக்கே வந்தார்கள். கடிதத்தையும் தயாராகத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார்கள். அரிஸ்தேவு நகரசபைத் தலைவராக வரவேண்டியவர். ஒனோஃப்ரி விலகினால் மேயர் நாற்காலி அவருக்குத்தான்.

"தலைநகரத்துல உதவி உக்காந்து என்ன ஆச்சுன்னு நாடே பாக்குதே" என்றார் அரிஸ்தேவு. "காலையில ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை."

"பன்னி விலைய நான் ஏத்தலையே" என்றான் ஒனோஃப்ரி. ஆனாலும் பேனாவை வாங்கிக்கொண்டான்.

க்ளியோனிசி காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். தோனா ஹொர்தென்சியா அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள்.

"நீ எங்க வீட்லயே வளந்த பொண்ணு. அவன் கையெழுத்துப் போடட்டும். நாளைக்கு நானே உங்க கடைக்கு வந்து, நாலு பேர் பாக்க கறி வாங்கிட்டுப் போறேன். அப்புறம் ஊர்ல ஒருத்தன் வாயத் திறக்க மாட்டான்."

"நீங்க வாங்கினா எல்லா வாயும் மூடிருமாம்மா?"

"மூடிரும். நான் பாத்துக்கறேன்."

"அப்ப அந்த வாயெல்லாம் திறந்துவிட்டதும் நீங்கதான்."

அரிஸ்தேவு தொப்பியைத் தேடினார். க்ளியோனிசி ஊற்றிய காப்பியை மறுபடி பாத்திரத்திலேயே கவிழ்த்தாள்; எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

"பேனாவ அவருகிட்டயே திருப்பிக் குடுத்துடுய்யா."

"கடை?"

"அதத்தான் இவங்க மூடிட்டாங்களே. இன்னும் மூடறதுக்கு என்ன இருக்கு?"

ஜனவரி முதல் தேதி நகரசபைக் கூடம் நிறைந்திருந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் கறுப்பு உடுத்தியிருந்தார்கள். மேயர் நாற்காலியில் ஃப்ரேம் போட்ட டாக்டர் படத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தாள் தோனா ஹொர்தென்சியா. ஒனோஃப்ரி உறுதிமொழி வாசிக்கும்போது பின்வரிசையில் யாரோ பன்றி மாதிரி உறுமினார்கள். சிரிப்பு எழுந்தது. வாசித்து முடித்து நாற்காலிப் பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டான். செத்தவர் படத்தைத் தூக்கி ஓரமாக வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள், அவன் நிற்பதை வேடிக்கை பார்த்தார்கள்.

க்ளியோனிசி எழுந்து போய்ப் படத்தை எடுத்தாள். கொண்டுவந்து தோனா ஹொர்தென்சியாவின் மடியில் வைத்தாள்.

"உங்க வீட்டுக்காரர நீங்க வச்சுக்குங்கம்மா. என் புருஷன் உக்காரணும்."

"கறிக்காரி" என்றாள் தோனா ஹொர்தென்சியா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆமா."

ஒனோஃப்ரி உட்கார்ந்தான். ஒருவரும் கை தட்டவில்லை. க்ளியோனிசியும் தட்டவில்லை.