பானுமதி கடை வாசலில் ஒரு பெஞ்சு

பென்னாகரம் பழைய கடைவீதி செத்துக்கொண்டிருந்ததில் ஆதாயம் பார்த்த ஒரே ஆள் பானுமதி. அவள் கடையில் நைட்டி, உள்பாவாடை, அதற்கும் உள்ளே போடுகிற சாமான்கள். ஏரியூர்ப் பக்கத்துப் பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, தெருவில் ஆண் தலை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த இருட்டுக் கடைக்குள் சட்டென்று நுழைவார்கள். அளவைக் காதோடு சொல்வார்கள். ஆள் நடமாட்டம் இல்லாததுதான் தன் வியாபாரத்தின் முதல் என்பது பானுமதிக்கே தெரியாது. தெரு கலகலப்பானால் இன்னும் விற்கும் என்று எல்லாரையும் போல அவளும் நம்பினாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு டிரஸ்ட் வந்தது. எங்களுக்கு லாபம் வேண்டாம், வீதிக்கு உயிர் வந்தால் போதும் என்றது. இப்படிச் சொல்பவர்களிடம் நாலடி தள்ளி நிற்பது நல்லது. பானுமதியோ முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். குறைந்த வட்டிக் கடன். பாதி இப்போது, மீதி பிறகு. வந்த பாதியில் கண்ணாடி முகப்பும் பளீர் விளக்கும் போட்டாள். வாசலில் ஒரு சிமெண்ட் பெஞ்சை டிரஸ்டே இலவசமாகப் போட்டுக்கொடுத்தது.

வீதிக்கு உயிர் வந்தது. வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. வேலைவெட்டியில்லாத பச்சியப்பன், அவருடைய கூட்டாளிகள், ஒகேனக்கல் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், தவறவிடுவதற்கென்றே வந்தவர்கள்.

கடைக்குள் மட்டும் ஒருத்தியும் வரவில்லை. எதிர்ச்சாரியில் தலையைக் குனிந்துகொண்டு போன ஏரியூர் வாடிக்கைக்காரி குள்ளம்மாளைப் பானுமதி ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"ஏன்க்கா, கடைப்பக்கமே காணோம்?"

"எப்படி வர்றது கண்ணு? கண்ணாடிக்குள்ள லைட்டப் போட்டு வெச்சிருக்க. நான் பாடி சைஸு சொல்றத ஊரே பெஞ்சு போட்டு வேடிக்கை பாக்கணுமா? நான் தருமபுரியிலயே எடுத்துக்கறேன், போ."

டிரஸ்டிலிருந்து சோபனா மேடம் வந்தபோது பானுமதி கெஞ்சினாள். "பெஞ்ச மட்டும் எடுத்துருங்க மேடம். இல்லீனா கண்ணாடிக்காவது ஒரு துணி கட்டிக்கறேங்க."

"என்னங்க பேசறீங்க? வீதியிலயே உங்க கடை முன்னாடிதாங்க கூட்டம்! கண்ணாடிய மூடினா மீதிக் கடன் வராதுங்க. ரூல் அது."

மீதியை நம்பித்தான் பானுமதி தீபாவளிச் சரக்குக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

மறுநாள் கால் கடுத்ததோ வயிறு எரிந்ததோ, பானுமதி வெளியே வந்து பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்தாள். பச்சியப்பன் தேள் கொட்டியவர் போல எழுந்தார்.

"என்னம்மா, இங்க வந்து உக்காந்துட்ட?"

"கால் வலிங்கண்ணா. நீங்களும் உக்காருங்க, இடம் கெடக்குது."

பொம்பளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பேர் யாருக்கு வேண்டும்? ஒவ்வொருவராக டீக்கடைப் பக்கம் நகர்ந்தார்கள். நாலு நாள் இப்படியே காவல் இருந்தாள். சோபனா மேடம் அவளை நிறுத்தி வைத்து, இல்லை, உட்கார வைத்தே போட்டோ எடுத்துக்கொண்டார். பெண்கள் அச்சமில்லாமல் அமரும் வீதி என்று டிரஸ்ட் அறிக்கையில் போடப்போகிறார்களாம்.

பெஞ்சில் ஆம்பளைகள் இல்லாததைப் பார்த்துக் குள்ளம்மாளே வந்தாள். விறுவிறுவென்று உள்ளே போய், "வா கண்ணு, சுருக்கா எடுத்துக் காட்டு" என்றாள்.

காட்டுவதென்றால் எழுந்தாக வேண்டும். பானுமதி எழுந்தாள். அலமாரியைத் திறந்து டப்பாவோடு திரும்புவதற்குள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சியப்பனின் முதுகு. முதுகு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு கண்ணு" என்றாள் குள்ளம்மாள். ஏரியூர் பஸ் அப்போதுதான் போயிருந்தது.

பானுமதி டப்பாவை மூடினாள். வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.