நத்தானியேல் பிரூஸ்டரின் தகப்பன்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ரசலையன் அண்ணனைப் பாதிப்பேர் ‘அமெரிக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் அவர். பாஸ்போர்ட்கூடக் கிடையாது. ஆனால் அவருடைய பூட்டனின் பெயர் நத்தானியேல் பிரூஸ்டர். மிஷன் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளைக்காரன்தான் அந்தப் பூட்டன் என்று குடும்பத்தில் சிலர் பெருமையாகச் சொன்னார்கள். ஊர் அதையே வேறு மாதிரி சொன்னது.

“ஏலே அமெரிக்கா, ஒனக்க பூட்டனுக்க அம்ம எந்தத் துரைக்க வீட்டுல வேல பாத்தா?” என்று டீக்கடை கிருஷ்ணமணி கேட்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே டீயைக் குடிப்பார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நடப்பார்.

சிறுநீரகம் கெட்டுப் பால்வெட்டு நின்ற பிறகுதான் பூட்டனின் தாய் தகப்பனைத் தேடத் தொடங்கினார். வாரத்தில் இரண்டு நாள் நாகர்கோவிலில் டயாலிசிஸ். மற்ற நாட்களில் ஆலயத்துக்கு வருவார். நான் அங்கே கூட்டிப் பெருக்கித் தூத்துவாருகிறவள், பழைய பதிவேடுகள் இருக்கும் அறையின் சாவி என்னிடம். நான் கூட இருந்தால் பார்க்கலாம் என்று சபைப் போதகரான ஐயர் அனுமதி கொடுத்திருந்தார். ஆறாம் வகுப்போடு நின்ற நானும், புள்ளி வைக்காத அந்தப் பழைய எழுத்தை அவரோடு இருந்து படிக்கப் பழகினேன். இரண்டு வருடம் அப்படிப் போனது.

போன ஆவணியில் ஞானஸ்நானப் பதிவேட்டில் கிடைத்தது. நத்தானியேல் பிரூஸ்டர், தகப்பன் மாடன், தொழில் பனையேற்று. அமெரிக்காவில் ஒரு குடும்பம் இந்தப் பையனின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பியதால் அவர்களுடைய பெயரே அவனுக்கு இடப்பட்டது என்றும் எழுதியிருந்தது.

அண்ணன் அன்றே டீக்கடைக்குப் போனார். “எனக்க பூட்டனுக்க அப்பன் மாடன். தொரயும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“அப்ப அமெரிக்கா போச்சா? இனி ஒன்ன நாங்க என்னன்னு கூப்பிட?” என்றார் கிருஷ்ணமணி.

பதிவேட்டில் கண்ட ஊரைத் தேடிப் போய், மாடனின் வழியில் வந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து சோறும் தின்றுவிட்டு வந்தார். அந்த மாதம் அவர் முகம் தெளிந்திருந்தது.

அடுத்த மாதம் அலமாரியில் கரையான் ஏறியது. அடக்கப் பதிவேட்டைத் தட்டித் துடைக்கும்போது அந்தப் பெயரை நான் கண்டேன். நத்தானியேல் பிரூஸ்டர், மாடன் மகன், வயது ஒன்பது, பேதியில் மரித்தான். ஒன்பது வயதில் செத்தவனுக்குப் பிள்ளை ஏது? போர்டிங் பள்ளிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மூன்று மாதம் கழித்து இன்னொரு பையன். ‘முந்தியவன் மரித்தபடியால் அந்தப் பெயர் இவனுக்கு இடப்பட்டது. சந்தையில் கண்டெடுத்தது. தாய் தகப்பன் தெரியவில்லை.’ பணம் வருவது அந்தப் பெயருக்கு. பெயர் நின்றால் பணமும் நின்றுவிடும்.

இரண்டு வாரம் சொல்லவில்லை.

“செல்லத்தாயி, அந்த மூலைய மூணு தடவ தூத்தாச்சு. என்னத்த மறைக்க?” என்றார் அண்ணன்.

இரண்டு ஏட்டையும் விரித்து வைத்தேன். விரலை வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தார்.

“செத்த பயலுக்க அப்பனையா எனக்க ஆளுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்? அவிய வீட்டுல சோறும் தின்னேனே.”

அவர் மறுபடியும் அந்த வரியில் விரலை வைத்தார்.

“அப்ப கிருஷ்ணமணி சொல்லது பொய்யின்னும் இதுல இல்ல.”

“உண்மைன்னும் இல்ல அண்ணா.”

“ஒரு பய செத்த உடனே அவனுக்க பேர உருவி அடுத்தவனுக்குப் போட்டிருக்கானுவ, சட்டைய உருவிப் போடுத மாதிரி” என்றார். அதன் பிறகு பதிவேடு பார்க்க அவர் வரவில்லை.

எங்கள் சபையில் அடக்க ஆராதனையில், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார்கள். வீட்டுக்காரர்கள் எழுதுவதுதான் வழக்கம். அண்ணன் தன்னுடையதைத் தானே எழுதினார். பதிவேட்டில் உள்ளபடிதான் எழுதியிருக்கிறதா என்று பார்க்க என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, மகள் ரெஜிலாவை வாசிக்கச் சொன்னார். ‘என் பூட்டன் அந்தப் பெயரை இரண்டாவதாகச் சுமந்த பையன். அவருடைய தாய் தகப்பன் யாரென்று தேடினேன். தெரியவில்லை.’

“இதுல ஒரு வார்த்த குறையப்பிடாது. தெரியாததத் தெரியும்னு சொல்லிட்டு நான் குழிக்குள்ள போவ மாட்டேன்” என்றார். ரெஜிலா தலையாட்டினாள்.

மார்கழியில் இறந்தார். மகன் பெனிஷ் கத்தாரிலிருந்து வந்து சேர ஒரு நாள் ஆனது. ஆலயத்தில் முன் வரிசையில் அவனுடைய மாமனார் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் கிருஷ்ணமணியும் இருந்தார். பெனிஷ் அப்பாவின் தாளைத்தான் கையில் வைத்திருந்தான். ‘பனையேற்றுத் தொழில் செய்த மாடன் என்பவரின் வழியில் வந்த எங்கள் தகப்பனார்’ என்று தொடங்கினான். அந்தத் தாளில் மாடன் என்ற பெயரே கிடையாது. ஆவணியில் அப்பா போனில் சொல்லிக் கேட்ட பெயர் அது. பூட்டனைப் பற்றிய வரிகளைத் தாண்டி, அப்பா பிறந்த வருடத்துக்குப் போய்விட்டான். சத்தமாக, தெளிவாக வாசித்தான். நான் தூணை ஒட்டி நின்றேன்.

கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டியைத் தூக்கும் நேரத்தில் ரெஜிலா என் கையைப் பிடித்தாள். அழுது அழுது அவள் எதையும் கேட்டிருக்கவில்லை.

“அக்கா, அப்பா எழுதுனத அவன் முழுசும் வாசிச்சானா?”

“வாசிக்கல, மக்கா.”

அவள் என் கையை விட்டாள். பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்து நின்ற பெனிஷிடம் போய், அந்தத் தாளைக் கேட்டாள்.